ஆட்டப் பலகையும் ஒட்டடைக் கம்பும்

இடது அம்பு மட்டும் வேலை செய்யவில்லை. மேல் அம்பு, கீழ் அம்பு, வலது அம்பு மூன்றும் மிதித்த மிதிக்குக் கம்ப்யூட்டரில் பதில் சொல்லின. இடது மட்டும் மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி முறைத்துக்கொண்டு கிடந்தது. சுடலைமணி குப்புறப் படுத்து, பலகையின் இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அந்த நேரம் பார்த்துத் தரைக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

டொக். டொக். டொக்.

சுடலைமணி வாயில் கவ்வியிருந்த ஸ்க்ரூட்ரைவர் கீழே விழுந்தது. அதைத் தொடர்ந்து வாயிலிருந்து விழுந்ததை அச்சில் போட முடியாது.

"பாத்தியாட்டி? நாலு தட்டு தட்டல, அதுக்குள்ள எதிர்த்தட்டுத் தட்டுதா" என்றார் மனைவியிடம்.

"பைய பேசுங்க. கீழ கேட்டிரப் போவுது" என்றாள் முத்துராணி.

கீழ் வீட்டில் இருப்பது சித்தி ஜனாபா டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பேட்டையில் இருக்கும் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரரும் அவரே. மாடியில் வாடகைக்கு இருப்பது சுடலைமணி குடும்பம். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போன கோடையில் சுடலைமணி தண்ணி மோட்டாரைப் போட்டுவிட்டுத் தன் சைக்கிள் கடைக்குப் போய்விட்டார். தொட்டி நிரம்பி வழிந்து, டீச்சர் முற்றத்தில் காயப்போட்டிருந்த மோர்மிளகாய் வத்தல் அத்தனையும் மிதந்தது. "டயருக்குக் காத்து அளந்து அடிக்கத் தெரியுது, தொட்டிக்குத் தண்ணி அளந்து ஏத்தத் தெரியலையா?" என்று டீச்சர் கேட்டார். தெரு பார்க்கக் கேட்டார் என்பதுதான் சுடலைமணிக்குப் பொறுக்கவில்லை. "வாடகைதான் குடுக்கேன், மானத்தைக் குடுக்கல" என்று சொல்லிவிட்டு மேலே ஏறியவர் இன்றுவரை அந்தப் பக்கம் முகம் திருப்பவில்லை. வாடகை செல்போனில் போகும். மோட்டார் விஷயம் பால்காரர் மூலம் போகும். மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

நடுவில் டீச்சர் நாகர்கோவிலில் மகன் வீட்டில் போய் இருந்துவிட்டுச் சமீபத்தில்தான் திரும்பி வந்தார். வந்ததிலிருந்து வாசலுக்குக்கூட வரவில்லை. தன் மூஞ்சியில் விழிக்கக் கூடாதென்றுதான் உள்ளேயே அடைந்து கிடக்கிறார் என்பது சுடலைமணியின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

பலகையின் கதை இன்னும் கொஞ்சம் பழையது. முத்துராணிக்குச் சர்க்கரை. தினமும் அரைமணி நேரம் வேர்க்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த தடவை இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடக்கத்தான் போனாள். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று, எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்ற விசாரணைக்குப் பதில் சொல்லி, வற்புறுத்தினார்களே என்று இரண்டு வீட்டில் காபி குடித்துவிட்டு வந்ததில் சர்க்கரை கூடித்தான் போயிற்று. அப்போதுதான் கல்லூரியில் படிக்கும் மகள் பேச்சிப்ரியா இந்த விளையாட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். கம்ப்யூட்டரில் பாட்டு ஓடும், திரையில் அம்புக்குறிகள் வரும். தரையில் விரித்திருக்கும் டான்ஸ் பாயில் அதே அம்பை அதே நேரத்தில் மிதிக்க வேண்டும்.

முத்துராணி முதல் நாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுவாரம் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவளே பாட்டைப் போட்டாள். அவள் அப்படிச் சிரித்துச் சுடலைமணி பார்த்துப் பல வருஷம் ஆயிற்று. அடுத்த பரிசோதனையில் சர்க்கரையும் இறங்கியிருந்தது. இதை விடாமல் செய்தால் ஊசி வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

சொல்லிய வாரமே பாய் செத்துப்போயிற்று.

ஜங்ஷனில் அதை விற்ற கடைக்காரர் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, இதுல தொறந்து பாக்க ஒண்ணும் கெடையாது. போச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும்" என்றார்.

சுடலைமணி சைக்கிள் கடைக்காரர். உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே யோக்கியமான பொருள் சைக்கிள்தான் என்று நம்புகிறவர். அதில் திறக்க முடியாதது எதுவும் இல்லை. பஞ்சர் ஆனால் ஒட்டு, செயின் கழன்றால் மாட்டு. பத்தமடைப் பாய்க்குக்கூட ஓரம் கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கிய மனுஷன் உள்ளே பார்க்கக் கூடாது என்று ஒட்டி மூடி விற்கிறானே, அவன் எவ்வளவு பெரிய திருடனாக இருக்க வேண்டும்? கடைக்காரரிடம் இதைக் கேட்டார். கடை வாசலில் நின்றவர்களிடம் கேட்டார். திரும்பி வரும் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்டார். அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சபதம் போட்டார். "ஒரே ஒரு ஸ்க்ரூட்ரைவர். அதை வச்சு எவன் வேணும்னாலும் தொறந்து சரிபண்ணுத மாதிரி நானே ஒண்ணு செய்யுதேன். எவன் தடுக்கான்னு பாப்போம்."

எவரும் தடுக்கவில்லை. அதுவே பெரிய தப்பு.

பேச்சிப்ரியா இணையத்தில் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் செய்தார். கனமான ப்ளைவுட் பலகை. ஒவ்வொரு அம்புக்கும் மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் இரண்டும் ஒட்டாமலிருக்க ஓரத்தில் சைக்கிள் ட்யூப் துண்டுகள். மிதித்தால் தகடும் தகடும் தொடும். பழைய கீபோர்டைப் பிளந்து எடுத்த போர்டு அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பசை என்ற பேச்சே இல்லை, எல்லாம் ஸ்க்ரூ. எது கெட்டாலும் அதை மட்டும் கழற்றலாம்.

திறக்க முடிந்ததால் தினமும் திறக்க வேண்டியிருந்தது.

இன்று இடது அம்பு. தகடு வளைந்துவிட்டது என்று கண்டுபிடித்தார். கடைக்குப் பின்னால் கிடந்த பழைய தகரப் பலகையில் ஒரு துண்டை வெட்டி வந்து மாட்டினார். அம்பு உடனே வேலை செய்தது. முத்துராணி ஏறி ஆட ஆரம்பித்தாள். ஆனால் இடது அம்பை மிதித்த ஒவ்வொரு தடவையும் குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் நிமிர்வதற்குள் மூன்று அம்பு கடந்து போய்விட்டது. திரையில் தோல்வி என்று வந்தது.

"என்னட்டி செய்யுத?" என்று கத்தினார்.

"அதுல 'இசக்கியம்மன் துணை'ன்னு எழுதியிருக்குல்லா? அம்மைய மிதிச்சிட்டுச் சும்மா போவச் சொல்லுதியளா?"

குனிந்து பார்த்தார். எழுதித்தான் இருந்தது. யாரோ வீட்டு வாசலில் வைத்திருந்த பலகை அது. அதனாலென்ன என்று தகட்டைத் திருப்பி மாட்டினார். திருப்பினால் அந்தப் பக்கம் அம்மன் படமே வரைந்திருந்தது, கண்ணை உருட்டிக்கொண்டு. தாயும் மகளும் சேர்ந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சுடலைமணியும் யாரும் பார்க்காதபோது போட்டுக்கொண்டார். அம்மனைக் கழற்றி, மஞ்சள் குங்குமம் வைத்து, அலமாரி மேல் ஏற்றிவிட்டு வேறு தகடு தேடி மாட்டுவதற்குள் அன்றைய பொழுது போய்விட்டது. கீழே டொக் டொக்கென்று கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் நான்கு அம்பும் ஒழுங்காக வேலை செய்தன. முத்துராணி பலகை அதிர அதிர ஆடினாள். தரை திம்திம்மென்றது. அரைமணி நேரம் கீழேயிருந்து மூச்சில்லை. அவள் மூச்சு வாங்கி நின்று, வேர்வையைத் துடைத்தாள். டொக். டொக்.

"அரைமணி நேரமாப் பொறுத்துக்கிட்டு இருந்திருக்கா. இப்பம் நெனவுபடுத்துதா, நான் இங்கன இருக்கேன்னு" என்று பல்லைக் கடித்தார் சுடலைமணி.

முத்துராணிக்கு முகம் சுருங்கிவிட்டது. வயசானவர், தலைக்கு மேலே இப்படிக் குதித்தால் யாருக்குத்தான் பொறுக்கும் என்றாள். ஒரு எட்டு இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரட்டுமா என்றும் கேட்டாள். கேட்டது தப்பாயிற்று. இந்த வீட்டிலிருந்து எவளாவது கீழ்வாசல் மிதித்தால் மறுபடி மாடிப்படி ஏறக் கூடாது என்று சுடலைமணி சட்டம் போட்டார். மன்னிப்பு கேட்க மாட்டாராம், சத்தத்தை மட்டும் குறைப்பாராம்.

பலகைக்கு அடியில் நான்கு மூலையிலும் சைக்கிள் ட்யூபைச் சுருட்டி வைத்துக் காற்றடித்தார். சத்தம் பாதியாகக் குறைந்தது. பலகை மட்டும் பரிசல் மாதிரி ஆடியது. வலப்பக்கம் மிதித்தால் இடப்பக்கம் எழும்பியது. முத்துராணி பேச்சிப்ரியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். கீழே இப்போது பாட்டு நடுவிலேயே தட்ட ஆரம்பித்தார்கள்.

"கொறைச்சதுக்கு அப்புறமும் தட்டுதாளே! இவளுக்கு என்னதாம்வே வேணும்?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார். கோபத்தில் அவருக்கு ஆண் பெண் வித்தியாசம் தெரியாது.

அடுத்து ட்யூபை எடுத்துவிட்டு இலவம்பஞ்சு மெத்தையை மடித்துப் போட்டு, அதன் மேல் பலகையை வைத்தார். சத்தம் முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் பலகை நடுவில் அமிழ்ந்து, நான்கு அம்பும் ஒரே சமயத்தில் அழுந்தின. முத்துராணி சும்மா நின்றாலே கம்ப்யூட்டர் அவள் நான்கு காலால் ஆடுவதாக எடுத்துக்கொண்டது. அவர் தகடுகளுக்கு நடுவே இன்னும் ட்யூப் துண்டு வைத்தார். அதற்குப் பிறகு யானை மிதித்தாலும் அம்பு அசையாது என்ற நிலை வந்தது. பேச்சிப்ரியா மெதுவாக, "அப்பா, மொதல்ல செஞ்சதுதாம்ப்பா நல்லா இருந்துச்சு" என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவளுக்கு ஒரு பழமொழி கிடைத்தது. கீழேயோ விடாத தட்டு. ஒட்டடைக் கம்பு என்பதை அவர் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்திருந்தார்.

அன்று சுடலைமணிக்கு வெறி வந்துவிட்டது. மெத்தையை எட்டி உதைத்தார். வெறுந்தரையில் பலகையைப் போட்டு, கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவரே ஏறினார். பாட்டும் இல்லை, அம்பும் இல்லை. கடைக்காரரை மிதித்தார், பாயை ஒட்டிய கம்பெனிக்காரனை மிதித்தார், மோர்மிளகாய் வத்தலை மிதித்தார். சுவரில் காலண்டர் ஆடியது. அவர் ஓய்ந்து நிற்பதற்கும் டீச்சர் வீட்டுக்கு வந்துபோகும் பெண்ணின் ஸ்கூட்டர் வாசலில் கிளம்பிப் போவதற்கும் சரியாக இருந்தது. கீழே தட்டல் இல்லை.

"பாத்தியா? அடங்கிட்டா. இப்பிடித்தான் பேசணும் இவகிட்ட" என்று மீசையைத் தடவினார்.

முத்துராணி பெருமைப்படவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "வயசான மனுசி தலையில இப்பிடி மிதிச்சிட்டியளே. இன்னொருத்தருக்கு நோவு குடுத்து எறங்குத சக்கரை எனக்கு வேண்டாம். நான் ஊசியே போட்டுக்கிடுதேன்."

ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே கையை முந்தானைக்குள் ஒளிக்கிறவள் அவள். அவளே அப்படிச் சொன்னது சுடலைமணியை எங்கோ குத்தியது. அவருக்கு வருத்தம் வந்தால் அது வெளியே வரும்போது கோபமாகத்தான் வரும். அன்றும் அப்படித்தான் வந்தது. இவள் ஆட்டத்தை நிறுத்தியது கீழே இருக்கிறவளால், நாளைக்கு இவளுக்கு ஊசி குத்தினால் அது கீழே இருக்கிறவள் குத்திய ஊசி என்று மனசுக்குள் தீர்மானம் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் பலகை சுவரோரம் சாய்ந்து கிடந்தது. இரண்டு நாளும் சாயங்காலம் கீழேயிருந்து தட்டல் வந்தது. தோற்றவனைக் குத்திக்காட்டுகிறாள் என்று அவர் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தார்.

மொட்டை மாடி. அங்கே ஆடினால் சத்தம் தன் வீட்டுக்குள்தான் இறங்கும், அதற்குக் கீழே போகாது. யாரும் பார்த்துவிடுவார்களே என்றாள் முத்துராணி. துணி காயப்போடும் கொடியில் சுற்றிலும் சேலைகளைத் தொங்கவிட்டு ஓர் அறையே கட்டிக் கொடுத்தார். வயர் இழுத்து, கம்ப்யூட்டரைச் சுமந்து ஏறி, மெத்தையும் ட்யூபும் இல்லாமல் பலகையைப் போட்டார். யாருக்கும் தொந்தரவு இல்லை என்று கணவனும் மகளும் சத்தியம் செய்த பிறகே அவள் ஏறினாள். வெயில் தாழ்ந்திருந்தது. பாட்டு யாருக்கும் கேட்கக் கூடாதென்று அவள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டாள். சிரிப்பு மெல்லத் திரும்பி வந்தது. சுடலைமணி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் முதல்முறையாக அவர் யாரையும் திட்டவில்லை.

அப்போது பொதிகை மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. சேலைகள் ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டன.

எதிர்வீட்டு மாடியில் வடகம் எடுத்துக்கொண்டிருந்த முப்பிடாதி திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் பட்டது இதுதான்: பாட்டு இல்லை, மேளம் இல்லை, முத்துராணி மட்டும் கண்ணை விரித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, ஒரு பலகை மேல் நின்று குதித்துக்கொண்டிருக்கிறாள். வேறு என்ன நினைப்பாள்?

"முத்துராணிக்குச் சாமி வந்திட்டு!" என்று அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரை போயிற்று.

சுடலைமணி விளக்கம் சொல்லப் படி இறங்குவதற்குள் கூட்டம் படி ஏறிவிட்டது. முப்பிடாதி முன்னால் வந்தாள், கையில் வேப்பிலைக் கொத்து, குடத்தில் மஞ்சள் தண்ணீர். ஹெட்போன் மாட்டியிருந்த முத்துராணிக்கு எதுவும் கேட்கவில்லை. தலையில் தண்ணீர் விழுந்தபோதுதான் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் முப்பிடாதி விழுந்து கும்பிட்டு, தன் மகனுக்கு வேலை எப்போது கிடைக்கும் என்று குறி கேட்டுவிட்டாள். போதாததற்குப் பேச்சிப்ரியா அலமாரியிலிருந்து அம்மன் தகட்டைக் காற்றுக்குச் சேலை பறக்காதிருக்க வெயிட்டாக எடுத்து வந்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் போயிற்று.

எல்லாரையும் கெஞ்சி, திட்டி, அனுப்பி முடித்தபோது முத்துராணி மஞ்சள் சொட்ட நின்றிருந்தாள். அவள் அழவில்லை, கத்தவில்லை. இனி செத்தாலும் ஆட மாட்டேன், நாளைக்கே டாக்டரிடம் போய் ஊசிக்கு எழுதி வாங்குவோம் என்று மட்டும் சொன்னாள். சுடலைமணி பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் இறங்கினார். வீட்டுக் கதவைத் திறந்தார்.

டொக் டொக் டொக் டொக் டொக்.

சுடலைமணி பலகையைக் கீழே போட்டார். "ஏட்டி, வீட்டுக்குள்ள ஒரு ஈ எறும்பு இல்ல. ஆள் இல்லாத வீட்டுக்கா தட்டுதா? நாம மூச்சு விடுததே இவளுக்குப் பொறுக்கலையா?"

முத்துராணி கையைப் பிடித்தாள், உதறினார். பேச்சிப்ரியா குறுக்கே வந்தாள், சுற்றிக்கொண்டு போனார். ஆணியில் தொங்கிய வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார். ஒரு படிக்கு ஒரு வாக்கியம் என்று மனப்பாடம் செய்துகொண்டே இறங்கினார். வீடு உன்னுடையது, சரி. காலும் உன்னுடையதா? என் பெண்டாட்டி உயிரைவிட உன் தூக்கம் பெரிதா? இந்தா உன் சாவி, இந்த மாதமே காலி செய்கிறேன். போன கோடைக்குப் பிறகு முதல்முறையாகக் கீழ்வீட்டுக் கதவை இடித்தார்.

திறந்தது ஸ்டெஃபி. தினமும் சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்து போகிற பெண். டீச்சரிடம் டியூஷன் படிக்க வருகிறாள் என்று அவர் நினைத்திருந்தார். அவளோ வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாள், கோட்டுப் பையில் பிசியோதெரபி என்று தைத்திருந்தது. உள்ளே கூடத்தில் சித்தி ஜனாபா டீச்சர் வாக்கரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஒட்டடைக் கம்போடு நின்றிருந்தார். சுடலைமணியைக் கண்டதும் வழக்கப்படி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சுடலைமணியும் வழக்கத்தை விடாமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"இந்தாம்மா, வீட்டுக்காரங்ககிட்ட சொல்லு. சாவி இந்தா இருக்கு. மேல இனிமே ஒருத்தரும் ஆட மாட்டாவ. நிம்மதியா இருக்கச் சொல்லு" என்று சாவியை நீட்டினார்.

ஒட்டடைக் கம்பு கீழே விழுந்தது. ஸ்டெஃபி டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். "பேச்சுவார்த்தை இல்லாதவங்ககிட்டப் போயிக் கேக்கப்பிடாதுன்னு என்னைத் தடுத்துட்டிய. இனியும் நான் சொல்லாம இருக்க முடியாது டீச்சர்" என்றாள். டீச்சர் சுவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஸ்டெஃபி சுடலைமணி பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, நாகர்கோவில்ல முட்டு ஆப்பரேசன் முடிச்சிட்டு வந்ததுலேர்ந்து மேல அக்கா ஆடுத சத்தத்துக்குத்தான் டீச்சர் காலெடுத்து வச்சு நடக்காவ, அது நின்னா இவியளும் நின்னுருதாவ, சத்தமா ஆடச் சொல்லித்தான் நாங்க தட்டுதோம், நீங்க என்னடான்னா நாளுக்கு நாள் கொறைச்சிக்கிட்டே போறிய!"